சிபாரிசு ஒரு சாட்சியம்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில வாரங்களுக்கு உத்திரமேரூரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலையும் வேளையில், பள்ளிவாசல் முற்றத்தின் ஓரத்தில் ஒரு தந்தையும் மகனும் நிற்பார்கள். மகன் கையில் ஓர் உறை இருக்கும். உறைக்குள் பட்டச் சான்றிதழின் நகல். ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர் என்று கருதப்படும் எவரேனும் வெளியே வந்தால், தந்தை ஸலாம் உரைத்து மெல்ல அருகில் வருவார். "ஒரு கடிதம் கொடுங்கள், பாய். உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு" என்பார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்தத் தந்தை கேட்பது முறையானதா? கேட்டவுடன் எழுதிக் கொடுப்பது நன்மையா, பாவமா? இவ்வினாவை நம்மில் பெரும்பாலோர் ஒரு நொடியும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிலர் சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்து, அது முழுக்க முழுக்க ஊழல் என்பர். வேறு சிலரோ, ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கு வழி செய்வதைவிடப் பெரிய ஸவாப் உண்டா என்று கேட்டுப் பத்துப் பேருக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் எழுதுவர். இவ்விரு சாராரும் விட்டுவிட்ட ஒன்று இவர்களுக்கு நடுவே கிடக்கிறது. அதையே இங்கே ஆராய முற்படுகிறோம்.

நம் வட்டாரத்தில் வேலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. மேற்கே செய்யாற்றுப் பக்கம் சிப்காட் வளாகம் விரிந்து கிடக்கிறது. பொழுது விடியுமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் இக்கிராமச் சாலைகளில் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பேருந்துகள் பெரும்பாலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களை ஏற்றிச் செல்பவை. பி.ஏ., பி.காம். முடித்தவன் தேடுவது அலுவலக நாற்காலியை. அந்த நாற்காலிக்கான விளம்பரத்திலோ, "இரண்டாண்டு முன்அனுபவம் தேவை" என்ற வரி இருக்கிறது. அனுபவம் வேண்டுமானால் வேலை வேண்டும். வேலை வேண்டுமானால் அனுபவம் வேண்டும். இந்த முடிச்சுக்கு முன்னால்தான் நம் பிள்ளைகள் உறையும் கையுமாய் நிற்கிறார்கள். அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால், ஐந்தாண்டுகள் காத்திருந்த பிறகு பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். ஐந்தாண்டு காத்திருப்பவனுக்கு முடி நரைக்கத் தொடங்கிவிடும் என்பது வேறு கதை.

முதலாளியின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். பட்டச் சான்றிதழ் அவருக்கு என்ன சொல்லுகிறது? இப்பிள்ளை இன்ன பாடங்களில் இன்ன மதிப்பெண் பெற்றான் என்பதைச் சொல்லுகிறது. அவன் நேரத்துக்கு வருவானா, கல்லாவில் கை வைப்பானா, தவறு செய்தால் ஒப்புக்கொள்வானா என்பதைச் சொல்லுவதில்லை. முன்அனுபவம் கேட்பதன் உட்பொருள், இதற்கு முன் எவரேனும் இவனைப் பார்த்திருக்கிறார்களா என்பதே. பார்த்தவர் ஒருவரின் சொல் கிடைத்தால் அவர் ஒரு துணிச்சலுடன் கதவைத் திறப்பார். சிபாரிசு பிறந்த இடம் இதுதான். ஆகவே அது தன்னளவில் ஊழல் அன்று; ஓர் உண்மையான தேவைக்கு விடையாக வந்த ஒன்று. தேவை உண்மையானது என்பதால் விடையும் உண்மையாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

மனிதச் சொல்லின் மீது நம்பிக்கை வைக்க அஞ்சியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், வெட்டப்பட்ட எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. பள்ளிப் பாடநூலில் குடவோலை முறை என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தது அதைத்தான். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்னும் குழுக்களுக்கு ஆள் எடுத்த முறையை அச்சுவர் சொல்லுகிறது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சபையார் அனைவரும் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தனர். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! கைக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடாதல்லவா?

அம்மட்டோ? முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர முடியாது. அவனுடைய உறவினரும் வர முடியாது. சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவு முறைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதித் தடுத்திருக்கிறார்கள். மைத்துனனின் செல்வாக்கு என்ன செய்யும் என்பதைப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஊரார் நன்கு அறிந்திருந்தார்கள் போலும்.

இதைக் கண்டு வியக்கும் நாம் இன்னொன்றையும் காண வேண்டும். குடத்துக்குள் ஓலை செல்ல வேண்டுமானால், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி இருக்க வேண்டும். நிலமற்ற உழவனின் பெயர் குடத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. வாசலுக்கு உள்ளே இருந்தவர்களிடையே குடம் ஒழுங்காகத்தான் நீதி செய்தது. வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி அந்தக் குடத்துக்கு எதுவும் தெரியாது. மனிதச் சொல்லை அறவே நீக்கிவிட்டால் நீதி தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். மேலும், ஒரு வணிகர் தம் கணக்கரைக் குடத்திலிருந்து எடுக்க முடியாது. யாரோ ஒருவருடைய சொல் வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் எத்தகையதாக இருக்க வேண்டும்? திருமறையில் வேலை தேடிய இளைஞர் ஒருவரின் வரலாறு இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டு அஞ்சி வெளியேறி, மத்யன் நகரின் நீர்த்துறையை அடைந்தபோது அவர்களிடம் ஒன்றுமில்லை. ஊர் இல்லை, உறவு இல்லை, கையில் காசில்லை. அங்கே ஆட்டிடையர் கூட்டம் நீர் புகட்டிக்கொண்டிருக்க, இரு பெண்கள் தம் மந்தையைத் தடுத்தபடி ஒதுங்கி நின்றார்கள். மூஸா (அலை) அவர்கள் அப்பெண்களுக்காக நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு, கூலி கேட்காமல் நிழலில் போய் அமர்ந்தார்கள். இறைவனே, நீ எந்த நன்மையை அனுப்பினாலும் அதன் தேவை உடையவனாக இருக்கிறேன் என்னும் பொருளில் இறைஞ்சினார்கள். அதன் பின்னரே அழைப்பு வந்தது. அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். வலிமை, நம்பிக்கைக்குரிய தன்மை என்னும் இரண்டு குணங்களைக் காரணமாகக் காட்டினார் (28:26). தந்தை எட்டாண்டு என்று ஒப்பந்தம் பேசினார். பத்தாண்டாக்கினால் அது மூஸாவின் விருப்பம்.

இந்தச் சிபாரிசை நன்கு கவனியுங்கள். சொன்னவர் கண்ணால் கண்டதைச் சொன்னார். நீர் இறைத்ததைக் கண்டார். ஆகவே வலிமை என்றார். தம்மிடம் அவர் நடந்துகொண்ட கண்ணியத்தைக் கண்டார். ஆகவே நம்பிக்கைக்குரியவர் என்றார். மூஸா இன்னாரின் மகன், இன்ன மாளிகையில் வளர்ந்தவர் என்று எதுவும் சொல்லவில்லை. கடிதம் பிறகு வந்தது. வேலை முன்பே முடிந்திருந்தது. நம் முற்றத்தில் நடப்பதோ இதற்கு நேர் தலைகீழானது. வேலை எதையும் எவரும் காணவில்லை. கடிதம் மட்டும் முன்னே செல்கிறது.

யூசுப் (அலை) அவர்களும் சிபாரிசு கேட்டிருக்கிறார்கள் என்றால் சிலர் திடுக்கிடக்கூடும். சிறையிலிருந்து விடுதலையாகப்போகும் தோழனிடம், உன் எஜமானனிடம் என்னைப் பற்றிக் கூறு என்றார்கள். அவனோ மறந்துவிட்டான், ஆண்டுகள் கழிந்தன (12:42). நம் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான துன்பம் இது. சொல்கிறேன் என்று சொல்லிப் போனவர் சொல்லவே இல்லை. பின்னர் அரசனின் அழைப்பு வந்தபோது யூசுப் (அலை) அவர்கள் உடனே ஓடிவிடவில்லை. தம் மீது சுமத்தப்பட்ட பழியைப் பற்றி முதலில் விசாரிக்கச் சொன்னார்கள் (12:50). யாரோ ஒருவரின் நல்ல வார்த்தையால் மட்டும் வெளியே வர அவர்கள் விரும்பவில்லை. உண்மை நிலைநாட்டப்பட்ட பிறகே வந்தார்கள். அதன் பின்னர்தான் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள். பேணிக் காப்பவன், அறிந்தவன் என்ற இரண்டே தகுதிகளைச் சொன்னார்கள் (12:55). இன்று நான்கு பக்கத்துக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கிரிக்கெட் ஆடுவதும் பாட்டுக் கேட்பதும் அதில் வந்துவிடுகின்றன.

ஷஃபாஅத் என்னும் அரபுச் சொல்லின் வேரை நோக்கினால் ஓர் அழகிய கருத்துத் தோன்றுகிறது. ஒற்றையாய் இருப்பதை இரட்டையாக்குதல் என்பது அவ்வேரின் பொருள். தனித்து நிற்பவனோடு போய்ச் சேர்ந்து நிற்பதே பரிந்துரை. அப்படியானால் நம் சொல்லுக்கு முதல் உரிமை யாருக்கு? அத்தாவை இழந்த பிள்ளைக்கு. ஊரில் பெரிய வீடு எதனோடும் உறவில்லாத பெண்ணுக்கு. முதல் தலைமுறையாய்க் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு. நாமோ ஏற்கெனவே பத்துப் பேர் சூழ நிற்பவனுக்குப் பதினொன்றாவதாகப் போய் நிற்கிறோம். நல்ல பரிந்துரை செய்தவனுக்கு அதில் பங்கு உண்டென்றும், தீய பரிந்துரை செய்தவனுக்கு அதிலும் சுமை உண்டென்றும் திருமறை (4:85) எச்சரிப்பதை நாம் ஓதிவிட்டுக் கடந்துபோகிறோம்.

தீய பரிந்துரை எது? பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் இரு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். திருடிய ஓர் உயர்குலப் பெண்ணுக்காக, நபிகளாரின் நேசத்துக்குரிய உஸாமா (ரலி) பரிந்து பேச வந்தார். பெருமானார் சினந்தார்கள், உயர்ந்தோரை விட்டுவிட்டு எளியோரைத் தண்டித்த முன்னைய சமுதாயங்கள் அழிந்ததை எடுத்துரைத்தார்கள். வேறொரு சமயம், விடுதலை பெற்ற பரீரா (ரலி) என்னும் பெண்மணி தம் கணவர் முகீஸை விட்டுப் பிரிந்தபோது, முகீஸின் கண்ணீரைக் கண்டு இரங்கிய பெருமானாரே பரிந்து பேசினார்கள். பரீரா, இது கட்டளையா என்று கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்ற விடை வந்ததும், அப்படியானால் தமக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். அதற்காக எவரும் அவரைக் கடியவில்லை. அல்லாஹ்வின் தூதரின் பரிந்துரையையே ஒரு முன்னாள் அடிமைப்பெண் மறுக்க முடிந்தது!

மறுக்க முடியாத சிபாரிசு சிபாரிசே அன்று, கட்டளை. கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவருக்கு எழுதும் கடிதமும், அதிகாரத்தில் இருப்பவர் அனுமதிக்காகக் காத்திருக்கும் வணிகருக்கு எழுதும் கடிதமும் இவ்வகை. வாங்குபவர் அதைப் படிப்பதே இல்லை. கையெழுத்தை மட்டும் பார்க்கிறார்.

இனி நம் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பல்லாவரம் பக்கம் தோல் பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் நம் சொல்லை மதிப்பவராக இருந்தார். முற்றத்தில் நின்ற ஒரு தந்தைக்கு மனமிரங்கி, அவர் மகனைச் சிறு வயது முதல் அறிவோம், நேர்மையானவர், உழைப்பாளி, கணக்கில் தேர்ந்தவர் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தோம். அவனுடைய பெயரையே கடிதம் எழுதும்போதுதான் கேட்டுக்கொண்டோம். அவனுக்கு வேலை கிடைத்தது. ஏழு வாரம் சென்றான். கணக்கை அரைகுறையாக விட்டுவிட்டுச் சொல்லாமல் நின்றுவிட்டான். அவன் மீது நமக்குக் கோபமில்லை. கணக்குத் தெரியும் என்று சொன்னவர்கள் நாமே.

மறு ஆண்டு, தகப்பன் இல்லாத ஒரு பெண் வந்தார். பி.காம். முடித்தவர், படிக்கும்போதே ஒரு மளிகைக் கடையின் கணக்கை டாலியில் மூன்றாண்டு எழுதியவர். இம்முறை நாம் எழுதியதில் ஒவ்வொரு சொல்லும் மெய். உரிமையாளர் கடிதத்தை மரியாதையுடன் வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அப்பெண்ணுக்கு வேலை கிடைக்க மேலும் எட்டு மாதங்கள் ஆயின. அதையும் அவரே தேடிக்கொண்டார். நம் பொய்யான நான்கு வரிக்கு விலை கொடுத்தவர் அவர். பெரும் பாவங்களைச் சொல்லி வந்த பெருமானார், பொய்ச்சாட்சியைக் குறிப்பிடும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று நபிமொழி நூல்களில் படித்திருக்கிறோம். அது நீதிமன்றத்தில் ஏறிச் சொல்லும் சாட்சியத்துக்கு மட்டுமே என்று எண்ணியிருந்தோம்.

பொய் அனுபவச் சான்றிதழ் விற்கும் தரகர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பணம் கொடுத்து வாங்கிய இரண்டாண்டு அனுபவத்துடன் உள்ளே நுழைந்தவன், தெரியாததைக் கேட்டுக் கற்கும் உரிமையை வாசலிலேயே இழந்துவிடுகிறான். புதியவனுக்குக் கிடைக்கும் மன்னிப்பு அவனுக்கு இல்லை.

அப்படியானால் எவரும் காணாத பிள்ளை என்ன செய்வான்? காணும்படி செய்வதே வழி. பெருமானாரிடம் உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் கதையை நாம் அறிவோம். வீட்டிலிருந்த துணியையும் பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டு, ஒன்றில் வீட்டுக்கு உணவும் மற்றொன்றில் கோடரித் தலையும் வாங்கச் செய்தார்கள். பெருமானாரே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டச் சொல்லி, பதினைந்து நாள் கண்ணில் படவேண்டாம் என்று அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார். அந்தத் தோழரை வேறொருவரிடம் சிபாரிசு செய்து அனுப்பியிருக்க முடியாதா? முடியும். ஆயினும் முதலில் அவர் கையில் ஒரு கருவி வந்தது.

இன்றைய கோடரி எது என்றால், நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபின் பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் அதற்குள் வந்துவிட்டார்கள். முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் விதிகள் சொல்லுகின்றன. சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் பட்டதாரிகளுக்கான இப்பயிற்சியைக் கவனிக்கிறது. பயிற்சிக்குப் பின் கையில் வரும் சான்றிதழ் மெய்யான அனுபவத்துக்குரியது. ஆனால் நம்மவர்களே நடத்தும் நிறுவனங்களில் எத்தனையில் பழகுநர் இருக்கிறார்? அனுபவம் இல்லாதவனை எடுக்க மாட்டேன் என்று கூறும் ஒவ்வொரு வணிகரும், தமக்கு முதல் அனுபவத்தைக் கொடுத்தவர் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் அது ஒரு மாமனாகவோ தந்தையாகவோ இருக்கும். மாமன் இல்லாதவனுக்கு அந்த இடத்தில் யார் நிற்பது?

வேலையைத் தரம் பிரித்துப் பார்க்கும் பட்டதாரிகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. ஊர் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதுவதும், கல் அரவை ஆலையில் லாரி நடை குறிப்பதும் பி.காம். படித்தவனுக்கு இழுக்கு என்கிறார்கள். அங்கே ஆறு மாதம் நேரத்துக்குச் சென்றவனைப் பற்றி அந்த ஆலைக்காரர் சொல்லும் ஒரு வரி, அவனை ஒருபோதும் பார்த்திராத பெரிய மனிதரின் ஒரு பக்கத்தைவிடக் கனமானது.

இவ்வாண்டு அந்தப் பழைய தந்தையே இளைய மகனுடன் மீண்டும் வந்தார். இம்முறை கடிதம் கொடுக்கவில்லை. பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் வாடகைப் பதிவேடு பல மாதங்களாய்க் குழம்பிக் கிடந்தது. மூன்று மாதம் வந்து அதைச் சீர் செய்யட்டும். ஜமாஅத்து ஒரு சிறு ஊதியம் தரும். அதன் பிறகு கண்டதை எழுதுகிறோம் என்றோம். தந்தைக்கு வருத்தம்தான். பிள்ளை வந்தான். பதிவேட்டில் 340 ரூபாய்ப் பிழை ஒன்றை அவனே கண்டு, தான் முந்தின வாரம் செய்த பிழை என்று சொன்னான். காலையில் பலமுறை தாமதமாக வந்தான்.

கடிதத்தில் இவ்விரண்டையும் எழுதியிருக்கிறோம். இரண்டாவதை எடுத்துவிடும்படி தந்தை நேற்றும் வந்து கேட்டார். வேலை கொடுப்பவர் முதலில் அந்த வரியைத்தானே பார்ப்பார், பாய் என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கடிதம் இன்னும் மேசை மீதுதான் இருக்கிறது.